பேரிங் சர்வீஸ் முடிந்தது என்று பில் கொடுத்தார்கள், ஒரு சக்கரத்தைக்கூட கழற்றவில்லை

டல்லாஸ் பக்கம் டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சக்கர வீடு) வைத்திருப்பவர்கள், அதிலும் பழையதாக வாங்கிவிட்டு கடையில் ஒரு தடவை சர்வீஸுக்கு விட்டுவிட்டால் தலைவலி தீர்ந்தது என்று நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டு வண்டியைக் கடையில் விடுங்கள். எனக்குக் காசு போனது, பிள்ளைகளின் மார்ச் விடுமுறையில் ஒன்றரை நாள் போனது. உயிர் போகவில்லை, அது எங்கள் நல்ல நேரம்.

எங்களுடையது 26 அடி, இரண்டு ஆக்சில். பழைய ஓனர் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு ஹைட்ராலிக் டிஸ்க் மாட்டியிருந்தார், நான் அதை வாங்கியதே அதற்காகத்தான். ஆனால் கடைசியாக எப்போது பேரிங் (சக்கரம் உரசாமல் சுழல உள்ளே இருக்கிற உருளைகள்) பார்த்தார் என்று கேட்டால் அவருக்கே ஞாபகமில்லை. ஆக்சில் கம்பெனிக்காரர்கள் 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அப்போது பார்க்கச் சொல்கிறார்கள். சரி, ஊருக்குக் கிளம்பும் முன் செய்துவிடுவோம் என்று பெரிய போர்டு வைத்த ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். மூன்றாம் நாள் போன் வந்தது. பில்லில் நாலு சக்கரத்துக்கும் பேரிங் கழற்றி சுத்தம் செய்து புது கிரீஸ், புது சீல் (கிரீஸ் வெளியே வராமல் தடுக்கிற வளையம்) நாலு, பிரேக் சர்வீஸ், பிரேக் ஆயில் மாற்றியது என்று வரிவரியாக இருந்தது. பார்த்ததும் எனக்குத் திருப்தி. வரிவரியாகப் போட்டிருந்தால் செய்திருப்பார்கள் என்று நம்புகிற ஆள் நான்.

போன இடம் அமரில்லோவுக்குப் பக்கத்தில் பாலோ டூரோ கேன்யன். 287-ஆம் நெடுஞ்சாலையில் விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டும்வரை ஒன்றுமில்லை. வெர்னனில் சிக்னலில் நின்றபோது பின்சீட்டிலிருந்து மகள் "அப்பா, ஏதோ கருகுற வாடை வருது" என்றாள். முன்னால் போகிற லாரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு ஓட்டினேன் (இந்த இடத்தில் என்னைத் திட்டிக்கொள்ளலாம், என் மனைவி ஏற்கனவே திட்டிவிட்டாள்). குவானாவில் பெட்ரோல் போட இறங்கியபோது வலது பின்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. கையில் டெம்பரேச்சர் கன் இருந்தது. மற்ற மூன்று ஹப்பும் (சக்கரத்தின் நடுக்குடம்) 110, 120 ஃபாரன்ஹீட்டில் இருக்க, இது 270-ஐத் தாண்டியிருந்தது. சர்வீஸ் முடிந்து 250 மைல்கூட ஓடாத வண்டி.

பெட்ரோல் பங்க் பையன் கைகாட்டிய ஷெட்டுக்கு ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோய்ச் சேர்த்தோம். அங்கே ஒரு பெரியவர், வாழ்நாள் முழுக்க குதிரை டிரெய்லரும் மாட்டு டிரெய்லரும் பார்த்தவர். டயரைக் கழற்றுவதற்கு முன்பே குனிந்து உள்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். டயரின் உள்சுவரெல்லாம் கிரீஸ் தெறித்த கோடு. "யார் சர்வீஸ் பண்ணியது?" என்றார். நான் பில்லை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். இந்த மாதிரி ஆக்சில்களில் ஸ்பிண்டில் (ஹப் சுழலுகிற அச்சு) நுனியில், ஹப்பை மூடுகிற டஸ்ட் கேப் நடுவில் இருக்கிற ரப்பர் மூடியைத் திறந்தால் ஒரு கிரீஸ் நிப்பிள் இருக்கும். அதில் கிரீஸ் கன்னை வைத்து அடித்தால் கிரீஸ் ஸ்பிண்டிலுக்குள்ளாகவே போய், பின்னால் சீலுக்குப் பக்கத்தில் வெளிவந்து, உள் பேரிங், வெளி பேரிங் என்று நிரப்பிக்கொண்டு முன்னால் வரும். சக்கரத்தைத் தூக்கி, சுற்றிக்கொண்டே, கை கன்னால் மெதுவாக அடித்தால் தப்பில்லை. ஆனால் காற்றழுத்த கன்னை வைத்து ஒரே அமுக்காக அமுக்கினால் முன்னால் வர வேண்டிய கிரீஸ் பின்னால் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். டிரம் பிரேக் என்றால் டிரம்முக்குள்ளேயே கிடக்கும், டிஸ்க் பிரேக்கில் நேரே டிஸ்க்கிலும் அதை அழுத்திப் பிடிக்கிற பேடிலும்தான். அந்தக் கருகல் வாடை அதுதான்.

எங்கள் தாத்தா மாட்டுவண்டிக்கு வண்டி மை போடுவதைப் பார்த்திருக்கிறேன். கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை இழுத்து, பழைய மையைச் சுரண்டித் துடைத்துவிட்டுத்தான் புது மையைத் தடவுவார். படிக்காத மனுஷனுக்குத் தெரிந்தது மணிக்கு 180 டாலர் லேபர் போடுகிற கடைக்குத் தெரியாதா என்ன.

பெரியவர் ஹப்பை இழுத்துக் காட்டியபோது கிரீஸ் இரண்டு நிறத்தில் இருந்தது. வழிநெடுக புது நீலம், ரோலர் இடுக்குகளில் பழைய கறுப்பு. கழற்றிக் கழுவியிருந்தால் இந்தக் கறுப்பு எங்கிருந்து வரும்? ஸ்பிண்டில் நட்டைப் பூட்டுகிற ஸ்பிளிட் பின் துருப்பிடித்து நட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது, குறடு வைத்து உடைத்துத்தான் எடுத்தார். ஹப்பைக் கழற்ற வேண்டுமென்றால் அந்தப் பின்னை எடுக்காமல் முடியாது. நாலு சக்கரத்தையும் திறந்தோம், நாலிலும் அதே துரு.

பிரேக் கதை இன்னும் மோசம். பேடுகளை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பர் நகர வேண்டிய ஸ்லைடு பின்கள் இறுகிக் கிடந்தன, அதனால் உள்பக்க பேட் இரும்புவரை தேய்ந்து, வெளிப்பக்க பேட் கிட்டத்தட்ட புதிதாக இருந்தது. பிடித்த பிடியை விடாமல் உரசிக்கொண்டே வந்ததில்தான் அந்தச் சூடு. "பிரேக் சர்வீஸ்" என்று வாங்கிய காசுக்கு இரண்டு பின்னைக் கழற்றித் துடைத்திருக்கலாம். மாற்றியதாகச் சொன்ன பிரேக் ஆயில் காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. பாலோ டூரோவில் கேன்யன் அடிக்கு இறங்குகிற ரோடு 10 சதவீதச் சரிவு. அந்த இறக்கத்தில், பின்னால் 7,000 பவுண்டைக் கட்டிக்கொண்டு, இந்த பிரேக்கோடு இறங்கியிருப்போம். அதை நினைத்து அன்றிரவு மோட்டலில் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மதியம்வரை வேலை. கிரீஸ் குடித்த பேடைக் கழுவி மாட்ட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். அந்தச் சக்கரத்துக்குப் புது பேரிங், அது உருளுகிற ரேஸ் என்ற வளையத்தோடு சேர்த்து. நட்டை அவர் இறுக்கிய விதத்தையும் பார்த்துக்கொண்டேன்: ஹப்பைச் சுற்றிக்கொண்டே 50 அடி-பவுண்ட் வரை இறுக்கி, தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் இறுக்கி, புது பின். வீல் நட்டை 10, 25, 50 மைலில் நிறுத்தி மறுபடி டார்க் (இறுக்கம்) பார்க்கச் சொல்லி அனுப்பினார். எல்லாம் சேர்த்து 640 டாலர்.

ஊருக்கு வந்து போட்டோக்களோடு கடைக்குப் போனேன். முதலில் "சீல் சில சமயம் அப்படித்தான் போகும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். துருப்பிடித்த ஸ்பிளிட் பின்னைக் காட்டியதும் "நிப்பிள் வழியாக அடிப்பதும் சர்வீஸ்தான், கம்பெனி கையேட்டிலேயே இருக்கு" என்றார். இருக்கிறது, ஆனால் அது கிரீஸ் போடுவது, பேரிங்கைக் கழற்றிப் பார்ப்பது இல்லை. போகட்டும், நாலு புது சீலுக்குக் காசு வாங்கினீர்களே, ஹப்பைக் கழற்றாமல் சீலை எப்படி மாற்றினீர்கள் என்று கேட்டேன். மேனேஜரைக் கூப்பிடப் போனார். மேனேஜர் அடுத்த சர்வீஸில் 100 டாலர் தள்ளுபடி என்றார். அடுத்த சர்வீஸாம்!

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு ஒன்று. செய்யாத வேலையைச் செய்ததாகவும் மாற்றாத பாகத்தை மாற்றியதாகவும் சொல்வது இங்கே ஏமாற்று வணிகத் தடைச் சட்டத்தில் பெயர் சொல்லியே தடை செய்யப்பட்டிருக்கிறது. வழக்குப் போடும் முன் 60 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலில் போட்டோ, பெரியவரின் பில், அவர் எழுதிக்கொடுத்த குறிப்பு எல்லாம் வைத்து அனுப்பினேன். சின்ன வழக்குகளைப் பார்க்கிற ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரைக்கும் வழக்கு எடுப்பார்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன்.

கடையில் விடத்தான் வேண்டும் என்றால், விடும் முன் டஸ்ட் கேப்பும் ஹப்பும் சேருகிற இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்துவையுங்கள், கழற்றினால் கோடு பொருந்தாது. பழைய சீலையும் பின்னையும் பையில் போட்டுக் கொடுங்கள் என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லி, பில்லில் எழுத வையுங்கள். வண்டியை எடுக்கும்போது டயரின் உள்பக்கம் குனிந்து பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

நோட்டீஸ் அனுப்பிய 41-ஆம் நாள் 520 டாலருக்கு செக் வந்தது. குறிப்பில் "நல்லெண்ணத் தொகை" என்று போட்டிருந்தார்கள், தப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. அன்றே பேங்கில் போட்டு, அதில் ஒரு டார்க் ரென்ச்சும் இரண்டு ஜாக்கி ஸ்டாண்டும் வாங்கிவிட்டேன்.