பழைய கார் பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்களா? 22,400 டாலர் போன கதையைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட்டைச் சுற்றிக் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஆட்களில் சிலருக்கு என்னைப் போலவே ஐம்பதுகளின் அமெரிக்கக் கார் மேல் பைத்தியம் உண்டு. அவர்களுக்காகத்தான் இது. ஒரு பட்டறைக்கு 22,400 டாலர் கொடுத்தேன். அதற்குக் கிடைத்தது பட்டியும் (ஓட்டையை அடைத்துத் தேய்க்கும் புட்டி) கறுப்புத் தாரும்.

பட்டறையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குக் கொஞ்சம் வெளியே, "பழைய கார் மட்டுமே பார்ப்போம்" என்று போர்டு மாட்டி, வாசலில் இரண்டு காரைப் பளபளவென்று நிறுத்தி வைத்திருக்கும் வகை. அந்த வகையைப் பார்த்தாலே இனி எனக்கு வயிறு எரியும்.

கார் 1957 செவ்ரோலெட் பெல் ஏர், நாலு கதவு செடான். 283 கன அங்குல வி8 இன்ஜின் (எட்டு சிலிண்டர்), இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக். இரண்டு கதவு ஹார்ட்டாப்புக்கும் கன்வெர்ட்டிபிளுக்கும் கிடைக்கும் விலை நாலு கதவுக்குக் கிடைக்காது, அதனால்தான் என்னால் வாங்க முடிந்தது. தங்க நிற கிரில், பின்பக்கம் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வாலில் அலுமினியப் பட்டை, எல்லாம் அந்தக் காலத்து அசல். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. குறை அடியில்தான். மிச்சிகனில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள், எந்தக் காலத்திலோ யாரோ இதைப் பனியில் ஓட்டியிருக்கிறார்கள். கால் வைக்கும் தரைத் தகடு இரண்டு பக்கமும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ராக்கர் தகடு, டிக்கித் தரை, பாடியைச் சட்டத்தோடு போல்ட் போட்டுப் பிடிக்கும் இடங்கள், எல்லாமே துரு.

சரி, செய்தால் ஒழுங்காகச் செய்வோம் என்றுதான் கொண்டு போனேன்.

அந்த ஆள் நம்ப வைத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இடது பக்க வாலின் பின்முனையில் இருக்கும் குரோம் பட்டையைத் திறந்து, உள்ளே ஒளிந்திருக்கும் பெட்ரோல் மூடியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். 57 செவியில் (செவ்ரோலெட்டைச் சுருக்கிச் சொல்வது) மூடி அங்கேதான் இருக்கும், தெரியாதவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு மாட்டியிருக்கும் தூணில் உள்ள எண் தகட்டை விரலால் தடவி வாய்விட்டுப் படித்தார். வி என்றால் வி8, சி என்றால் பெல் ஏர், 57 வருஷம், அடுத்த எஃப் என்றால் ஃபிளின்ட் தொழிற்சாலை. "ஃபிளின்ட்ல எங்கப்பா வேலை பார்த்த ஃபேக்டரி இது" என்றார். சொல்லும்போது கண் கலங்கின மாதிரிகூட இருந்தது. அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். அப்பா வேலை பார்த்த இடத்தில் செய்த காரை ஒருத்தன் பாழாக்குவான் என்று யாருக்குத் தோன்றும்? அவருடைய அப்பா அங்கே வேலை பார்த்தாரா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

தரை, ராக்கர், டிக்கி, பாடி பிடிமானங்கள், அதோடு பிரேக் குழாய்கள் முழுவதும் புதுசு: மொத்தம் 22,400 டாலர். பாதி முன்பணம், மீதி வேலை நடக்க நடக்க. கார்டு எடுக்க மாட்டார்களாம், செக் மட்டும்தானாம். ஆகஸ்ட்டில் வுட்வர்ட் அவென்யூவில் நடக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கு முன்னால் வண்டி கையில் இருக்கும் என்று கை கொடுத்துச் சொன்னார்.

ஆகஸ்ட் போனது. தகடு வரவில்லை என்றார்கள். 55, 56, 57 செவிகளுக்குத் தரைத் தகட்டிலிருந்து கதவு ரப்பர் வரை எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஐம்பதுகளின் கார்களிலேயே பாகம் சுலபமாகக் கிடைப்பது இதற்குத்தான், அதற்கு எப்படி மாதக்கணக்கில் தகடு வராமல் போகும் என்று கேட்டால், வெல்டர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். அப்புறம் பெயின்டருக்கு முதுகு வலி. நேரில் வருகிறேன் என்றால் இன்ஷூரன்ஸ் விதி, உள்ளே விட முடியாது. போன் எடுக்கும் அம்மா ஒவ்வொரு முறையும் என் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்பார், "முதலாளி கூப்பிடுவார்" என்பார், அவ்வளவுதான். கொஞ்சம் குரலை உயர்த்தினேன், உடனே ஒரு மின்னஞ்சல்: வேலை முடிந்தபின் வண்டியை எடுக்காவிட்டால் நாளொன்றுக்கு 75 டாலர் நிறுத்த வாடகை. முடியாத வேலைக்கு வாடகை!

நடுவில் படங்கள் அனுப்பினார்கள். பழைய தரையை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை வைத்து, அழகாக வெல்டிங் செய்த படங்கள். அதை நம்பி மீதிப் பணத்தையும் அனுப்பினேன். 22,400 டாலரும் அவர்கள் கைக்குப் போய்விட்டது.

வண்டி வந்தது. மேலே பார்த்தால் ஜோர். அடியில் கறுப்பாகத் தார்ப்பூச்சு, புதுசு போல. முதல் குளிரிலேயே ராக்கர் ஓரமாகப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. போன வாரம் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன், வயதானவர், தனியாகச் சின்ன ஷெட்டில் வேலை பார்க்கிறவர். லிஃப்டில் ஏற்றினார். ராக்கரில் ஒரு காந்தத்தை வைத்தார், அது ஒட்டாமல் நழுவி விழுந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தார், மறுபடி விழுந்தது. சுரண்டினால் விரல் கனத்துக்குப் பட்டி, பட்டிக்குப் பின்னால் ஜன்னல் இடுக்கை அடைக்கும் மஞ்சள் நுரை. தகடே இல்லை. அப்புறம் தரையில் தாரைச் சுரண்டினார். பழைய துருப்பிடித்த தரை அப்படியே இருக்கிறது, வெட்டவே இல்லை. அதன் மேல் ஒரு தகரத்தைப் போட்டு, வரிசையாக ரிவெட் அடித்து, ஓரத்தில் சீலரைத் தேய்த்து, தாரை அடித்து மூடியிருக்கிறார்கள். உள்ளே ஈரம் தேங்கி முன்னைவிட வேகமாக அரிக்கிறது.

இதையெல்லாம்கூட பணம்தான் போச்சு என்று விட்டிருப்பேன். பிரேக் குழாயைப் பாருங்கள். பழைய குழாய்க்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். மெக்கானிக் நகத்தால் கீறினார், பெயின்ட்டோடு துருவும் ஏடு ஏடாகக் கையில் வந்தது. இந்தக் காரில் மிதித்தால் பிரேக் எண்ணெயைக் குழாய்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே ஒன்று, அதில் ஒரே அறை. இந்தக் காலத்துக் கார் மாதிரி முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி கிடையாது. ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு, மிதி தரை வரை போகும். இந்த வண்டியில் என் மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன். பின்சீட்டில் பெல்ட்கூடக் கிடையாது. அவர்களுக்குத் தெரியும், எல்லாம் தெரிந்துதான் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

அந்த வெல்டிங் படங்களையும் அவரிடம் காட்டினேன். ஓரமாக ஒன்றைச் சுட்டிக்காட்டினார். படத்தில் மூன்று மிதிகள் இருக்கின்றன. கிளட்ச். என் வண்டி பவர்கிளைடு, அதற்கு ஏது கிளட்ச்? வேறு யாருடைய காரையோ படம் எடுத்து எனக்கு அனுப்பிப் பணத்தை வாங்கியிருக்கிறார்கள்.

நேராகப் பட்டறைக்குப் போனேன். முதலில் முதலாளி இல்லை என்றார்கள், உள்ளே அவர் குரல் கேட்கிறது. வந்தார். ஃபிளின்ட்டும் அப்பாவும் எங்கே போனார்களோ தெரியவில்லை. "நாலு கதவுதானே, இதற்கு இவ்வளவு செய்ததே அதிகம்" என்றார். குழாய்க்கு "நீங்கள் வேறு எங்கோ மாற்றியிருப்பீர்கள்" என்றார். படத்துக்குப் பதிலே இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை: "பிடிக்கவில்லை என்றால் வித்துவிடுங்கள், வாங்குகிறவன் மேலேதான் பார்ப்பான்." அந்த பிரேக்கோடு, அந்தத் தரையோடு, நான் இன்னொருத்தர் தலையில் கட்ட வேண்டுமாம். என்னால் முடியாது. விற்பதாக இருந்தால் அடித்தகட்டைப் படம் எடுத்துக் காட்டித்தான் விற்பேன், அப்படி விற்றால் இன்ஜினின் மதிப்புகூடத் தேறாது.

மிச்சிகனில் வண்டிப் பட்டறைகளுக்கு 1974லேயே தனிச் சட்டம் இருக்கிறது. பட்டறை மாநிலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், மதிப்பீட்டை எழுத்தில் தர வேண்டும், கேட்டால் கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும். மாநிலச் செயலர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாகிவிட்டது. சின்ன வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் 7,000 டாலர் வரைதான் கேட்க முடியும், என்னுடையது 22,400, ஆகவே வக்கீல், அதற்குத் தனிச் செலவு. அதைக் கணக்குப் போட்டுத்தான் அந்த ஆள் அவ்வளவு தெம்பாகப் பேசுகிறார் போல.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். செக் மட்டும்தான் என்று சொல்கிற இடத்தில் பாதிப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள், கார்டில் கொடுத்தால் பேங்கிடமாவது முறையிடலாம். தகடு வெட்டியதும், பெயின்ட்டோ தாரோ விழும் முன்னால், நேரில் போய்ப் பாருங்கள். விட மாட்டேன் என்றால் அன்றே வண்டியை எடுத்து வந்துவிடுங்கள். படம் அனுப்பினால் எண் தகடும் அதே படத்தில் தெரிய வேண்டும் என்று சொல்லுங்கள். வெட்டிய பழைய தகட்டைக் கையில் கேளுங்கள். ஒரு காந்தத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் குழாயை வேறொரு ஆளிடம் காட்டாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

டெட்ராய்ட் பக்கம் 55 முதல் 57 வரையிலான செவிக்குத் தரை வெல்டிங் நேர்மையாகச் செய்கிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், அவர் வேலை செய்து முடித்த வண்டியை நீங்களே லிஃப்டில் பார்த்திருந்தால் மட்டும்.