ஸ்டீலுக்கு எவ்வளவு மார்க், கான்கிரீட்டுக்கு எவ்வளவு மார்க்?

ஒரு டன் ஸ்டீலை இரும்புத் தாதுவிலிருந்து ஊதுலையில் எடுத்தால் 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், ஒரு டன் கான்கிரீட்டுக்கு அது சுமார் 100 முதல் 150 கிலோதான், ஆகவே கான்கிரீட்தான் நல்லபிள்ளை என்று பலர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சரி, அதே சுமையைத் தாங்கும் தூணுக்கு எது எத்தனை டன் பிடிக்கும்? எடைக்கு எடை ஒப்பிடுவது சுத்த ஏமாற்று.

கான்கிரீட்டில் ஜல்லியும் மணலும் கார்பன் கணக்கில் பெரிதாக வராது (மணலைப் பறிகொடுத்த ஆறு வேறு கணக்கு வைத்திருக்கும்). எடையில் பத்துப் பதினைந்து சதவீதமே இருக்கும் சிமென்ட்தான் குற்றவாளி. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வரை சுடும்போது எரிபொருளின் புகை ஒரு பக்கம் என்றால், கல்லே சிதைந்து கார்பன் டை ஆக்சைடை விடுகிறது, சிமென்ட்டின் மொத்தக் கார்பனில் பாதிக்கு மேல் இப்படித்தான் வருகிறது, நாளைக்கே சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்தப் பங்கு அப்படியே நிற்கும். இதற்காகவே கான்கிரீட்டுக்கு மார்க்கைக் குறைக்கிறேன்.

ஸ்டீல் பிறக்கும்போது செய்யும் பாவம் பெரிது, ஆனால் கட்டடத்தை இடித்த பிறகு காந்தத்தால் பொறுக்கி எடுத்து உருக்கினால் திரும்பவும் ஸ்டீலே கிடைக்கும். பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கினால் கார்பன் பல மடங்கு குறைகிறது. இடித்த கான்கிரீட்டோ பெரும்பாலும் சாலைக்கு அடியில் ஜல்லியாகப் போய்விடும். ஆனால் உலகத்துக்கு வேண்டிய அளவு பழைய இரும்பு இல்லை, அதனால் ஊதுலைகள் இப்போதைக்கு அணையப்போவதும் இல்லை.

சண்டையே கொஞ்சம் போலி என்பதையும் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது, ஸ்டீல் கட்டடத்துக்கும் அடியில் கான்கிரீட் அஸ்திவாரம்தான், ஊதுலையில் இரும்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசடை அரைத்து, சிமென்ட்டில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கலக்கிறார்கள்.

என் மார்க்: பழைய இரும்பில் செய்த ஸ்டீலுக்கு ஐந்துக்கு நான்கு, ஊதுலை ஸ்டீலுக்கு இரண்டு, வெறும் சிமென்ட் கான்கிரீட்டுக்கு இரண்டு, கசடு கலந்ததற்கு மூன்றரை. கசடு கலந்ததற்கு நான்கு தராமல் அரை மார்க் குறைத்ததற்குக் காரணம், அது இறுக நேரம் எடுக்கும், சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிக்க முடியாது, அப்புறம் மேஸ்திரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!