ஏழு சபைகள் பயணம்: லவோதிக்கேயாவுக்கு 40 நிமிடம் போதாது

வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆண்டவரிடமிருந்து ஆளுக்கொரு கடிதம் பெறும் ஏழு சபைகளின் இடங்களைப் பார்ப்பதற்காக, எங்கள் சேகரத்திலிருந்து 26 பேர் கடந்த அக்டோபரில் மேற்குத் துருக்கிக்குப் போய் வந்தோம். எட்டு நாள் பயணம். இஸ்மீரில் இறங்கி, எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்று வேதத்தில் உள்ள வரிசையிலேயே அழைத்துப் போனார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் முக்கியமான குறை, புறப்படுவதற்கு முன் நான் விசாரித்த வேறு மூன்று நிறுவனங்களின் திட்டத்திலும் அப்படியே இருந்தது. ஆகவே யாரோடு போனாலும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகவே இதை எழுதுகிறேன்.

விசா, விடுதி, பேருந்து ஆகியவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதியவர்களுக்கு முன் இருக்கைகளை ஒதுக்கினார்கள். மூன்றாம் நாளிலிருந்து இரவு உணவில் சோறும் தயிரும் கிடைக்கும்படி பேசி வைத்தார்கள். நுழைவுக் கட்டணம் எல்லாமே தொகையில் அடங்கியிருந்தது. தியத்தீராவில் பார்க்க அதிகம் இல்லை. இன்றைய அக்கிசார் நகரின் நடுவே வேலி போட்ட ஒரு சிறு இடிபாட்டுத் திடல்தான். அரை மணி நேரம் தாராளம்.

வழிகாட்டி தம் வேலையை மிகச் சிறப்பாகச் செய்த இடம் சர்தை. அர்த்தெமி கோயிலின் தூண்களுக்கு அருகில் எங்களை உட்கார வைத்து, மேலே செங்குத்தாக நிற்கும் கோட்டை மலையைக் காட்டினார். சர்தையிலிருந்து ஆண்ட லீதிய மன்னன் குரோசஸின் ஆட்கள், அந்தப் பாறைச் சரிவில் யாராலும் ஏற முடியாது என்று நம்பி அந்தப் பக்கம் காவல் வைக்காமல் விட்டிருந்தார்கள். கீழே உருண்டு விழுந்த தன் தலைக்கவசத்தை எடுக்க லீதிய வீரன் ஒருவன் இறங்கி ஏறியதைப் பார்த்துவிட்ட, முற்றுகையிட்டிருந்த பாரசீகப் படையின் வீரன் ஒருவன், மறுநாள் அதே வழியில் ஏறினான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அது கி.மு. 546 வாக்கில் நடந்தது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, மூன்றாம் அந்தியோகு என்ற மன்னன் முற்றுகையிட்டபோதும் காவலில்லாத ஒரு பக்கத்தின் வழியாகவே எதிரிகள் உள்ளே நுழைந்தார்கள். "விழித்திராவிட்டால், திருடனைப்போல் உன்மேல் வருவேன்" என்று அந்த ஊர்ச் சபைக்கு எழுதப்பட்டதை அந்த மலையடிவாரத்தில் இருந்து வாசித்தபோது, கூட்டத்தில் ஒருவரும் வெகுநேரம் பேசவில்லை. ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள். அது சரியான அளவு.

லவோதிக்கேயாவுக்கோ 40 நிமிடம்தான். அதற்குப் பிறகு அருகில் உள்ள தெனிஸ்லி நகரில் ஒரு துணி விற்பனைக் கூடத்தில் ஒரு மணி இருபது நிமிடமும், பாமுக்கலே வெண்பாறைகளில் மூன்று மணி நேரமும் செலவாயின. துண்டுகள் நல்ல தரம். நானும் இரண்டு வாங்கினேன். ஆனால் ஏழு கடிதங்களிலும் மிகக் கடுமையான வார்த்தைகளைப் பெற்ற சபையின் ஊரை, வந்தவர்கள் ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டியிருந்தது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருந்தது.

ஏன் அந்த ஊருக்கு நேரம் தேவை என்று சொல்கிறேன். லவோதிக்கேயா செழிப்பான வணிகப் பட்டணம். காக்கைக் கறுப்பான ஆட்டு ரோமத்துக்குப் பேர்போன ஊர். பணம் மாற்றும் கடைகள் நிறைந்த ஊர். அதற்கு அருகே புகழ்பெற்ற மருத்துவப் பள்ளி ஒன்றும் இருந்தது. கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் நகரம் இடிந்தபோது, ரோமின் உதவி எதுவும் இல்லாமல் தன் சொந்தச் செல்வத்தைக்கொண்டே அது எழுந்து நின்றது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறித்து வைத்திருக்கிறார். "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்ற சபையின் பேச்சு, ஊர் முழுவதும் பெருமையோடு பேசிக்கொண்டிருந்த பேச்சுதான். அதனால்தான் அந்தச் சபைக்குப் புடமிட்ட பொன்னும், வெண்வஸ்திரமும், கண்ணுக்குக் கலிக்கம் என்னும் மருந்தும் சொல்லப்படுகின்றன. எது தங்களிடம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்தார்களோ, அதையே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் ஆண்டவர்.

அந்தப் பழைய நகரின் தண்ணீர்க் குழாய்களை நான் பார்த்தே ஆக வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால், கூட்டத்தை விட்டு ஐந்து பேர் விரைந்து போனோம். ஒரு குழாய்த் துண்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சுவரை ஒட்டிச் சுண்ணாம்பு ஏடு ஏடாகப் படிந்து, நடுவே என் கை முஷ்டி நுழையும் அளவு துவாரம்தான் மிஞ்சியிருந்தது. வெளியே இருந்து பார்த்தால் முழுக் குழாய். உள்ளே அடைத்துக்கொண்டு வந்தது ஒரே நாளில் நடந்ததல்ல. ஒவ்வொரு நாளும் தண்ணீர் வந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

"நீ குளிருமல்ல, அனலுமல்ல, வெதுவெதுப்பாயிருக்கிறாய்" என்பதுதான் இந்தச் சபைக்குச் சொல்லப்பட்ட கடிந்துரை. இங்கேதான் வழிகாட்டியிடம் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. பாமுக்கலேயில், அதாவது வேதத்தில் வரும் எராப்போலியில், ஊறும் வெந்நீர் இந்தக் குழாய்களின் வழியாக வந்து வெதுவெதுப்பாகிவிட்டது என்று அவர் விளக்கினார். எராப்போலி வடக்கே, பள்ளத்தாக்கின் மறுபுறத்தில் இருக்கிறது. அதன் வெண்பாறை அங்கிருந்தே கண்ணுக்குத் தெரியும். இந்தக் குழாய்களோ தெற்கே, தெனிஸ்லிப் பக்கத்து ஊற்றிலிருந்து வருகின்றன. இந்தத் திருத்தம் அற்பமானதல்ல. எராப்போலியின் வெந்நீர் நோயாளியைக் குணமாக்கியது, பக்கத்து ஊரான கொலோசேயின் குளிர்ந்த நீர் வழிப்போக்கனின் தாகத்தைத் தீர்த்தது என்று எடுத்துக்கொண்டால், அனலும் நல்லது, குளிரும் நல்லது. எதற்கும் உதவாத நிலைதான் வெதுவெதுப்பு. நம் பிரசங்கங்களில் இந்த வசனம் பெரும்பாலும் உணர்ச்சியின் அளவாகவே பேசப்படுகிறது: சத்தமாகப் பாடினால் அனல், அமைதியாக இருந்தால் வெதுவெதுப்பு. என் சொந்தச் சபையில் புதிய தரைக்கல்லுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஐந்து கமிட்டிக் கூட்டங்கள் நடந்த ஆண்டில், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு கைம்பெண்ணை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை, நானும் போகவில்லை. அன்றைக்கும் பாட்டு உரக்கத்தான் இருந்தது.

கடைசிப் பத்து நிமிடம் அகழ்ந்தெடுத்த ஆலயத்தில் கழிந்தது. 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட நான்காம் நூற்றாண்டு ஆலயம் அது. மேலே பாதுகாப்புக் கூரை போட்டு, கண்ணாடிப் பாதையில் நடந்தபடியே கீழே உள்ள தரைச் சித்திரங்களைப் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். மிக நேர்த்தியான பராமரிப்பு. எங்களோடு வந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா எங்கள் போதகரைப் பார்த்து, "ஐயரே, 'வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்' என்று ஆண்டவர் சொன்னது வெளியாட்களுக்கா, இல்லை சபைக்குள்ளே இருந்தவர்களுக்கா?" என்று கேட்டார்கள். கடிதத்துக்கும் இந்தக் கட்டடத்துக்கும் இடையே இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது என்று முதலில் சொன்ன ஐயர், சற்று நின்று, "சபைக்குத்தானம்மா. உள்ளே ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே" என்றார். பேருந்தின் ஒலிப்பான் அப்போது இரண்டாவது முறையாக அடித்தது.

இந்தப் பயணத்தை நான் பரிந்துரைக்கிறேன். ஏற்பாடுகளில் காட்டிய அக்கறைக்காக நிறுவனத்துக்கு நன்றியும் சொல்லிவிட்டேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன், லவோதிக்கேயாவுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்கும்படி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துணிக் கடையை விட்டுவிட்டாலே அதில் கிட்டத்தட்டப் பாதி கிடைத்துவிடும். பழைய மேற்கு நாடக அரங்கு, சீரியா வீதி, தண்ணீர்க் கோபுரம், ஆலயம் நான்கையும் நடந்தே பார்க்க வேண்டும். நிழல் கிடையாது, முழங்கால் வலி உள்ளவர்கள் ஏப்ரலிலோ அக்டோபரிலோ போவது நல்லது, கையில் தொப்பியும் தண்ணீரும் இருக்கட்டும். இந்தக் கடிதம் உள்ள வெளிப்படுத்தின விசேஷம் மூன்றாம் அதிகாரத்தைப் பேருந்தில் வாசித்து முடித்துவிடாமல், குழாய்கள் கிடக்கும் இடத்தில் நின்று வாசிக்கும்படி உங்கள் போதகரிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.