மாற்றாத சென்சாருக்கு 6,800 ரூபாய்

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, திருச்சியிலிருந்து மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். துவரங்குறிச்சி தாண்டியதும் டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி என்ஜின் படம் எரிந்தது. செக் என்ஜின் லைட். 2016 மாடல் பெட்ரோல் வண்டி, அதுவரை ஒரு நாள்கூட அந்த லைட்டை நான் பார்த்ததில்லை. கொட்டாம்பட்டியில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்திப் பார்த்தேன். டெம்பரேச்சர் முள் நடுவில்தான் இருந்தது, புகை இல்லை, வாடை இல்லை. ஓடும்போது வண்டி நன்றாகத்தான் ஓடியது. நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டும் ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம், குளிருக்கு உடம்பு நடுங்குமே அந்த மாதிரி. சரி, ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மெதுவாக ஓட்டி வந்துவிட்டேன்.

அதுவரை நான் செய்தது சரி. மறுநாள் காலையில் செய்ததுதான் தப்பு.

மதுரையில் ஓரளவு பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குப் போனேன். பெயரைக் கேட்காதீர்கள், போடப் போவதில்லை. ஏசி போட்ட காத்திருப்பு அறை, காபி மெஷின், ஒரே கலர் டீ-ஷர்ட் போட்ட பையன்கள். ஒரு பையன் ஸ்கேனரைச் செருகி, திரையைத் தன் பக்கமே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஆக்சிஜன் சென்சார் போயிருச்சு சார். இப்படியே ஓட்டுனீங்கன்னா கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் போயிரும். அது அறுபதாயிரம் சார்.”

ஆக்சிஜன் சென்சார் என்பது புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளந்து என்ஜினின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அந்தப் புகையைச் சுத்தம் செய்யும் பாகம். அறுபதாயிரம் என்று காதில் விழுந்த பிறகு மூளை வேலை செய்யவில்லை. “என்ன கோட் வந்திருக்கு?” என்ற ஒரே கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. கோட் என்பது, என்ன கோளாறு என்று கம்ப்யூட்டர் குறித்து வைக்கும் எண். சாயங்காலம் சீட்டு கைக்கு வந்தது. சென்சார் 6,800, இன்ஜெக்டர் கிளீனிங் 2,200, த்ராட்டில் பாடி கிளீனிங் 850, டீகார்பனைசிங் 3,000, ஸ்கேனிங் 500, லேபர் 1,000. ஆக 14,350 ரூபாய். தலைப்பில் ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த தாள், ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. பழைய சென்சாரைக் கேட்டேன். “அது ஸ்கிராப்ல போயிருச்சு சார்” என்றார்கள். காலையில் கழற்றியது மாலைக்குள் ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்!

லைட் அணைந்திருந்தது. நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. கேட்டதற்கு அந்தப் பையன், “இசியூ புதுசா செட் ஆகணும் சார், ஒரு நூறு கிலோமீட்டர் ஓடட்டும்” என்றான். இதில் கால்வாசி உண்மை இருக்கிறது. ஸ்கேனரில் கோட்-ஐ அழித்தால், இசியூ என்கிற அந்தக் கம்ப்யூட்டர் அதுவரை கற்றுவைத்த கணக்குகளும் பல வண்டிகளில் அழிந்து, மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ளும். அந்தக் கால்வாசி உண்மைதான் என்னை நம்ப வைத்தது.

எட்டாவது நாள், அழகர்கோவில் ரோட்டில், லைட் மறுபடி எரிந்தது. போன் போட்டேன். “இது வேற ப்ராப்ளமா இருக்கும் சார். ஃப்யூவல் பம்ப் பாக்கணும். ஒரு ஒன்பதாயிரம் ஆகும்.”

நல்லவேளை, அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் ஒரு காதுகுத்து. மச்சான்தான், “எங்க ஊர்ல ஒருத்தர் இருக்காரு, காட்டிப் பாத்துருவோம்” என்று கூட்டிப்போனார். வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. அறுபது வயதிருக்கும், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். காபி மெஷினெல்லாம் இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு ப்ளூடூத் அடாப்டரை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார். முழங்கால் இடிக்கும் இடத்தில், பதினாறு பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும், அதுதான் ஸ்கேனரைச் செருகும் ஓபிடி போர்ட். நம் நாட்டில் 2013-லிருந்து வந்த கார்கள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது, குனிந்து பாருங்கள். தன் போனில் ஆப்பைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முதல் வித்தியாசமே அதுதான். பி 0171 என்று இருந்தது.

“இதுக்கு சென்சார் போச்சுன்னு அர்த்தம் இல்ல தம்பி. பெட்ரோலைவிடக் காத்து அதிகமாப் போகுதுன்னு அர்த்தம். அந்தச் சேதியைச் சொன்னதே சென்சார்தான்.”

அதாவது, நல்ல சென்சார் உள்ளதைச் சொல்லியிருக்கிறது. புதுசு மாட்டினாலும் அதுவும் அதையேதான் சொல்லும். காற்று எதனால் அதிகமாகிறது என்பதுதான் கேள்வி. எங்காவது குழாய் வெடித்திருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு ஏறியிருக்கலாம், பெட்ரோல் பிரஷர் குறைந்திருக்கலாம். எது என்று அவர் கண்டுபிடித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆப்பில் ‘ஃப்யூவல் ட்ரிம்’ என்று ஒரு எண் ஓடுகிறது. கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதற்கான கணக்கு. நல்ல வண்டியில் அது பூஜ்யத்தை ஒட்டியே, ஐந்து கூட ஐந்து குறைய என்று ஆடிக்கொண்டிருக்கும். என் வண்டியில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் என்ஜின் சும்மா ஓடும்போது, 23. ஆக்சிலரேட்டரை அழுத்தி 2,500 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொன்னார், 6-க்கு இறங்கியது. விட்டதும் மறுபடி ஏறியது. அவர் சிரித்தார். “நிக்கும்போது மட்டும்தான் காத்துத் திருடுது பாருங்க. பம்ப் வீக்குன்னா மிதிக்க மிதிக்க இந்த நம்பர் ஏறணும், இது இறங்குது. பம்ப்பைத் தொடவே வேணாம்.”

ஒன்பதாயிரம் அங்கேயே மிச்சம்.

அப்புறம் பானெட்டைத் திறந்து, பக்கத்தில் அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்தார். பாம்பு சீறுவதுபோல் மெல்லிசாக ஒரு சத்தம், அவர் சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கையை விட்டு, கட்டை விரல் தடிமனுள்ள ஒரு ரப்பர் குழாயின் வளைவை விரலால் அடைத்தார். ஸ்டியரிங் நடுக்கம் அந்த நொடியே நின்றது. போனில் அந்த எண் இறங்கத் தொடங்கியது. விரலை எடுத்தார், நடுக்கம் திரும்ப வந்தது. கழற்றிக் காட்டியபோது, சூட்டில் காய்ந்து, வளைவில் நகக்கண் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. புதுக் குழாய் 220 ரூபாய், அவர் கூலி 200.

கிளம்பும்போது சும்மா கேட்டேன், போட்டிருக்கும் புது சென்சார் ஒரிஜினல்தானா என்று. டார்ச் அடித்துப் பார்த்தார், என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். எக்ஸாஸ்ட்டில் திருகியிருந்த சென்சாரின் அறுகோண விளிம்பெல்லாம் துரு. அந்தத் துருவின் மேல் வருஷக்கணக்கான புழுதி படிந்து கெட்டியாகியிருந்தது. ஸ்பேனர் பட்ட ஒரு கீறல் இல்லை. “இது கம்பெனியில மாட்டுனது தம்பி. யாரும் தொடல.” கன்வெர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு சென்சார் உண்டு, அதையும் பார்த்தோம். அதுவும் அதே கதைதான். இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் என்ன செய்திருப்பார்கள் என்று இப்போது புரிகிறது. கோட்-ஐ அழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கு ஸ்கேனரில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அழித்தால் லைட் அணையும், கோளாறு அப்படியே இருக்கும். கூடவே இன்னொன்றும் போய்விடும்: லைட் எரிந்த நேரத்தில் என்ன வேகம், என்ன ஆர்பிஎம், என்ஜின் சூடு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்குமே, அந்தக் குறிப்பு. அடுத்த மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய தடயம் அது. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் இதே கதிதான். ஆகவே யாராக இருந்தாலும், அழிப்பதற்கு முன்னால் திரையை உங்கள் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மாட்டேன் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஒழுங்காகப் பழுது பார்த்த வண்டியில், அழிக்காமல் விட்டாலும் பொதுவாக மூன்று ஓட்டம் கோளாறின்றி முடிந்தால் லைட் தானாகவே அணைந்துவிடும்.

என் கதையில் லைட் நிலையாக எரிந்தது, அதனால் மதுரை வரை ஓட்டி வந்ததில் தப்பில்லை. அது விட்டுவிட்டு மின்னினால் கதையே வேறு. சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறி, கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம். அப்போது அந்த அறுபதாயிரம் பூச்சாண்டி நிஜமாகிவிடும். மிதிக்காமல், பாதுகாப்பான இடம் வந்ததும் ஓரம் கட்டி ஆளைக் கூப்பிடுங்கள். சிவப்பில் எரியும் ஆயில் லைட், டெம்பரேச்சர் லைட் என்றால் அந்த இடத்திலேயே என்ஜினை அணைக்க வேண்டும். இதையெல்லாம் மஞ்சள் லைட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் முதலில் பெட்ரோல் மூடியை இறுக்கச் சொல்வார்கள். அங்கே டேங்க்கிலிருந்து ஆவி கசிகிறதா என்பதையும் கம்ப்யூட்டர் சோதிக்கும். நம்மூர் வண்டிகள் பலவற்றில் அந்தச் சோதனையே கிடையாது. நானும் கொட்டாம்பட்டியில் மூடியை மூன்று தடவை இறுக்கினேன்!

பணத்துக்கு வருகிறேன். போட்டோக்களோடு போய் நின்றேன். முதலில் “பின்னாடி சென்சாரைத்தான் மாத்தினோம்” என்றார் மேனேஜர். பின்னால் இருப்பதன் போட்டோவையும் காட்டினேன். அப்புறம் “பையன் தப்பா பில் போட்டுட்டான்” ஆனது. ஜிஎஸ்டி பில் இல்லாவிட்டாலும் யுபிஐ-யில் அனுப்பிய கணக்கு என்னிடம் இருந்தது. நுகர்வோர் உதவி எண் 1915, மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று இரண்டு பெயரைச் சொன்னேன். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம், ஆன்லைனிலேயே போடலாம். வக்கீல் இல்லாமலே வாதாடலாம் என்றதும் மேனேஜர் நாற்காலி போடச் சொன்னார்.

6,800 திரும்பி வந்தது. மீதி 7,550-க்கு, “கிளீனிங் செஞ்சது செஞ்சதுதான் சார்” என்கிறார்கள். செய்தார்களா இல்லையா என்று காட்ட என்னிடம் போட்டோ இல்லை, அதனால் அது போனது போனதுதான். வண்டி இதுவரை நாலாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, லைட் எரியவில்லை. போன வாரம் அவர்களிடமிருந்தே ஒரு வாட்ஸ்அப் வந்தது: மழைக்காலச் சிறப்பு, இலவச என்ஜின் ஸ்கேனிங், முன்பதிவுக்கு ‘ஆம்’ என்று அனுப்பவும்.