மூன்று கிரிஃபி கார்டுகள்: இணையத்தில் கார்டு வாங்கி விற்ற 25 வருடம்

என்னிடம் அமெரிக்க பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியரின் ரூக்கி கார்டு மூன்று இருக்கிறது. மூன்றும் அச்சு அசலாக ஒன்றுதான். 1989இல் அப்பர் டெக் கம்பெனி முதன்முதலாக வெளியிட்ட பேஸ்பால் செட்டின் ஒன்றாம் எண் கார்டு. முதலாவதை 2000இல் நியூ ஜெர்சியில் ஒரு கடையில் 80 டாலர் கொடுத்து வாங்கினேன். இரண்டாவதை 2009இல் இணைய ஏலத்தில் 22 டாலருக்கு எடுத்தேன். மூன்றாவதை 2021 பிப்ரவரியில் என்ன விலைக்கு வாங்கினேன் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இங்கேயும் சொல்வதாக இல்லை.

இந்த மூன்று விலைக்கும் நடுவில்தான் இந்தப் பொழுதுபோக்கே தலைகீழானது. கார்டு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். முன்பக்கம் வீரரின் படம், பின்பக்கம் எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை ஹோம் ரன் அடித்தார் என்ற கணக்கு. ஒரு வீரர் பெரிய லீக்குக்கு வரும் காலத்தில் வெளியாகும் முதல் கார்டு, ரூக்கி கார்டு. அதற்குத்தான் மவுசு. ஊரில் பபிள்கம்மோடு வந்த கபில்தேவ் படத்தைச் சேர்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நான் போன கடை ஒரு பீட்சா கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்தது. கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே பெக்கெட் இதழை வைத்திருப்பார். 1984இல் தொடங்கிய விலைப் புத்தகம் அது. ஒவ்வொரு கார்டுக்கும் குறைந்த விலை, கூடிய விலை என்று இரண்டு பத்தி. விலை ஏறியிருந்தால் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி, இறங்கியிருந்தால் கீழ்நோக்கி. கிட்டத்தட்ட பஞ்சாங்கம். அதில் போட்டிருப்பதை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். "புத்தக விலையிலிருந்து கொஞ்சம் தள்ளி, உனக்காக எண்பது" என்றார். பெருமையாக வாங்கி வந்தேன். மூன்று மாதத்தில் எனக்குப் பணமுடை. அதே கார்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "முப்பது தரலாம்" என்றார். அவர் ஒட்டிய விலைச் சீட்டுகூட உறையிலிருந்து இன்னும் உரியவில்லை. விற்காமல் திரும்பினேன்.

அன்று இரவு ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் அந்தக் கார்டின் பெயரை அடித்துத் தேடினேன். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒற்றையாக உட்கார்ந்திருந்த கிரிஃபி, திரையில் பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தார். ஒஹாயோவில் ஒருவர் விற்கிறார், டெக்சாஸில் ஒருவர் விற்கிறார், ஒரே ஆள் நான்கு போட்டிருக்கிறார். எங்கள் ஊர்க் கடையில் ஒன்றே ஒன்று இருந்ததால் அபூர்வம் என்று நினைத்திருந்தேன். ஊருக்குள் அபூர்வம் வேறு, உலகத்திலேயே அபூர்வம் வேறு. இணைய விற்பனை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது. மற்ற மாற்றமெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் கம்பெனிகள் கார்டுகளை அச்சடித்துத் தள்ளின. பழைய கார்டு ஆயிரக்கணக்கான டாலருக்குப் போவதைப் பார்த்த அப்பாக்கள், பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பரணில் போட்டார்கள். பழைய கார்டுக்கு விலை வந்ததே அந்தக் கால அம்மாக்கள் அவற்றைக் குப்பையில் கொட்டியதால்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. 1995இல் ஈபே தொடங்கி, சில வருடங்களில் அத்தனை பரணும் ஒரே சந்தையில் திறந்துகொண்டது. இந்தக் காலத்துக் கார்டுகளுக்கு இங்கே 'ஜங்க் வாக்ஸ்' என்று பெயர். மெழுகுத்தாள் பாக்கெட்டில் வந்த குப்பை என்று அர்த்தம். கூட வேலை பார்த்தவர் ஒருவர் வீடு மாறும்போது டாப்ஸ் கம்பெனியின் 1987 கார்டுப் பெட்டி மூன்றை என் தலையில் கட்டினார். மரப்பலகை மாதிரி ஓரம் வைத்த செட், மொத்தம் 792 கார்டு. "பத்திரமாக வைத்துக்கொள்" என்று சொல்லித்தான் கொடுத்தார். பத்து வருடம் கழித்து அதிலிருந்து உதிரியாக விற்கப் பார்த்தால் தபால் செலவு கார்டு விலையைத் தாண்டியது. பெட்டிகள் இன்னும் கராஜில்தான் இருக்கின்றன, பனிக்கால டயர்களுக்குப் பக்கத்தில்.

உண்மையிலேயே கிடைக்காத சரக்கோ எதிர்த்திசையில் போனது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டில் வந்த, ஹோனஸ் வாக்னர் என்ற அந்தக் கால பேஸ்பால் வீரரின் கார்டு உலகத்திலேயே அறுபதை ஒட்டித்தான் இருக்கிறது. அவற்றில் பார்க்க ஆக அழகானது 2000இல் ஈபே ஏலத்தில் 12.65 லட்சம் டாலருக்குப் போனது. 2022இல் இன்னொரு வாக்னர், 10க்கு 2 மதிப்பெண் வாங்கிய கசங்கல் கார்டு, 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதே வருடம் ஆகஸ்டில் மிக்கி மேன்டில் என்ற வீரரின் 1952 டாப்ஸ் கார்டு 1.26 கோடி டாலர். இத்தனைக்கும் அந்த மேன்டில் அப்படியொன்றும் அரிதல்ல. அச்சுத்தாளில் இரட்டையாக இடம்பிடித்த கார்டு. மூலை மழுங்காமல் 70 வருடம் தப்பித்த மேன்டில்தான் அரிது.

மூலை என்றதும் தரச்சான்றுக்கு வந்தாக வேண்டும். கடையில் கார்டை நாமே திருப்பிப் பார்ப்போம். இணையத்தில் ஒரு போட்டோதான். 'கிட்டத்தட்டப் புதுசு' என்று போட்டிருந்த ஒரு கார்டை வாங்கினேன். வந்ததும் விளக்கடியில் சாய்த்தால் குறுக்கே ஒரு மடிப்பு. போட்டோவில் அந்த இடத்தில் ஃப்ளாஷ் வெளிச்சம் விழுந்திருந்தது. தற்செயலா, சாமர்த்தியமா என்று சொல்ல முடியாது. முகம் தெரியாதவர்கள் வாங்கி விற்கும் இடத்தில் நம்பிக்கையையும் யாராவது விற்றாக வேண்டும். தரச்சான்று தரும் பி.எஸ்.ஏ. கம்பெனி 1991இலேயே வந்துவிட்டது என்றாலும் இணைய விற்பனைதான் அதை வாழவைத்தது என்பேன். கார்டை ஆராய்ந்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, உடைக்காமல் திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தருவார்கள். அதைத்தான் ஸ்லாப் என்கிறோம். இதில் ஒரு வேடிக்கை: பி.எஸ்.ஏ. முதன்முதலில் மதிப்பெண் போட்ட கார்டு, மேலே சொன்ன அந்த 12.65 லட்சம் டாலர் வாக்னர். 8 கொடுத்தார்கள். 2013இல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், அதன் ஓரத்தை வெட்டிச் சீராக்கியது நான்தான் என்று வழக்கில் ஒப்புக்கொண்டார்.

என் 80 டாலர் கிரிஃபியை 2022இல் மதிப்பெண்ணுக்கு அனுப்பினேன். பத்து வரும் என்று மனக்கோட்டை. எட்டு வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது கீழ் இடது மூலையில் உப்புக்கல் அளவுக்கு வெள்ளை தெரிந்தது. 22 வருடம் கண்ணில் படாத வெள்ளை. இப்போது அந்தக் கார்டைப் பார்த்தால் கிரிஃபியின் சிரிப்புக்கு முன்னால் அந்த மூலைதான் தெரிகிறது. இணையம் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது இதுதான் என்று சில நாள் தோன்றும். பத்துக்குப் பத்து வாங்கிய கிரிஃபிகளே 4,000க்கு மேல் இருக்கின்றன. எந்தத் தரத்தில் எத்தனை என்ற கணக்கை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அந்தப் பட்டியலுக்குப் பாப் ரிப்போர்ட் என்று பெயர். நாலாயிரம் இருந்தும் பத்துக்கும் எட்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

2020, 21 கொரோனாக் காலம். ஆட்டம் இல்லை, வெளியே போக வழியில்லை, கையில் அரசாங்கம் தந்த காசோலை. ஆளாளுக்குப் பரணில் ஏறினார்கள். ஃபிளீர் கம்பெனி 1986இல் வெளியிட்ட கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் கார்டு, பத்து மதிப்பெண் வாங்கியது, 2021 தொடக்கத்தில் 7,38,000 டாலருக்குப் போனது. அடுத்த ஓரிரு வருடத்தில் 2 லட்சத்தை ஒட்டி இறங்கியது. 2021 மார்ச்சில், குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பி.எஸ்.ஏ. புதிதாக வாங்குவதையே பெருமளவு நிறுத்தியது. மே மாதம் விஸ்கான்சினில் டார்கெட் என்ற பல்பொருள் அங்காடியின் ஒரு கடை வாசலில் கார்டுக்காக அடிதடி நடந்து, டார்கெட் தன் கடைகளில் கார்டு விற்பதைச் சில காலம் நிறுத்திவைத்தது. என் மூன்றாவது கிரிஃபி இந்த அமளியில் வாங்கியது. ஏறும் விலையைத் தினமும் போனில் பார்த்தால் புத்தி எப்படி வேலை செய்யும் என்பதற்கு நானே சாட்சி. பெக்கெட் காலத்தில் ஒரு மாதமாவது காத்திருந்தோம்.

விற்பவனாகச் சொன்னால், இணையம் எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறது. 20 டாலர் கார்டு விற்றால் 13 சதவீதத்தை ஒட்டித் தளத்துக்குப் போகிறது. உறை, தபால் போக 16 டாலராவது நிற்கும். கடைக்காரர் தர நினைத்தது எண்பதுக்கு முப்பது. அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்கு வாடகை இருந்தது. 2021இல் ஈபே கொண்டுவந்த குறைந்த கட்டண உறை, 20 டாலருக்குள் இருக்கும் கார்டுகளுக்கானது. ஒரு டாலர் கார்டைக்கூடக் கண்காணிப்பு எண்ணோடு அனுப்ப முடிந்தது அதன் பிறகுதான்.

பேக்கிங்கில் மட்டும் நான் கறார். முதலில் பென்னி ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை, பிறகு டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை. அதன் வாயை மூட நீல நிற பெயின்டர் டேப் மட்டும்தான். சாதாரண செல்லோ டேப் ஒட்டினால் உரிக்கும்போது பிசின் நிற்கும். டேப்பின் ஒரு நுனியை மடித்துவிட வேண்டும், வாங்கியவர் நகத்தால் சுரண்டாமல் பிடித்து இழுக்க. பிறகு இரண்டு பக்கமும் அட்டை. இதைச் செய்யாத விற்பனையாளரிடம் நான் இரண்டாம் முறை வாங்குவதில்லை.

ஒருமுறை ஒரு தளத்தில் விற்ற கார்டை, 'விவரித்தபடி இல்லை' என்று வாங்கியவர் திருப்பி அனுப்பினார். வந்தது என் கார்டு இல்லை. அதே வீரர், அதே வருடம், ஆனால் மூலை தேய்ந்த வேறு பிரதி. என்னிடம் ஆதாரம் இல்லாததால் பணம் போனது போனதுதான். அதிலிருந்து ஒவ்வொரு கார்டிலும் அச்சுப் புள்ளி ஏதாவது தேடிப்பிடித்து நெருக்கமாகப் படம் எடுத்து வைக்கிறேன். மச்ச அடையாளம் குறிப்பது மாதிரி.

வாங்குவதிலும் பேரம் பேசும் சுகம் குறைந்துவிட்டது. போன வருடம் பையனோடு ஒரு கார்டு ஷோவுக்குப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் வியாபாரி, இந்தப் பக்கம் என் பையன், இரண்டு பேர் கையிலும் போன், இரண்டிலும் ஒரே திரை: கடைசியாக எவ்வளவுக்கு விற்றது. அந்த விலைக்குக் காம்ப் என்று பெயர். "காம்ப் நாற்பத்தஞ்சு காட்டுதுப்பா, இவர் அறுபது கேக்கறார்" என்றான் தமிழில். வியாபாரிக்கு எண்கள் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்கும், ஐம்பதுக்கு வந்தார். நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: கேட்கிற விலையைப் பார்க்காதே, விற்ற விலையைப் பார். ஒரே ஒரு விற்பனையை வைத்தும் முடிவு கட்டாதே. வாங்கியவர் பணம் கட்டாமல் ஓடியிருக்கலாம், இரண்டு நண்பர்களே ஏற்றிவிட்டிருக்கலாம்.

லைவ் பிரேக் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. யாரோ ஒருவர் கேமரா முன் பெட்டியை உடைப்பார், நாம் ஓர் அணிக்குப் பணம் கட்டியிருந்தால் அந்த அணியின் கார்டெல்லாம் நமக்கு. ஒருநாள் ராத்திரி சியாட்டில் மரினர்ஸுக்கு 40 டாலர் கட்டினேன். எனக்கு வந்தது சாதாரணக் கார்டு இரண்டு. தமிழ்நாட்டில் 2003இலேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். நான் நியூ ஜெர்சியில் உட்கார்ந்து சீட்டு கிழித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் 22 டாலர் கிரிஃபியை 45க்கு விற்பனைக்குப் போட்டேன். மூலை நான்கையும் தனித்தனியாகப் படம் எடுத்து, வலது ஓரத்தில் இருக்கும் அச்சுப் புள்ளியையும் சேர்த்து. அரிசோனாவிலிருந்து ஒருவர் 30 தருகிறேன் என்று அனுப்பியிருந்தார். 38 என்று பதில் போட்டிருக்கிறேன். நாளை சாயங்காலம் வரை அவருக்கு நேரம் இருக்கிறது.