ஒரே தண்டவாளத்தில் ஆறு என்ஜின்: டிசிசி-யோடு ஏழு வருடம்

மாதிரி ரயில் ஓட்டும் பழைய டிசி (நேர் மின்னோட்ட) முறையில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தம்தான் வேகம். அதைக் கூட்டினால் மேலே நிற்கிற எல்லா என்ஜினும் கிளம்பிவிடும். ஒன்றை நிறுத்தி இன்னொன்றை ஓட்டத் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். பதினொரு சுவிட்ச் வந்த பிறகு என் கண் ரயில் மேல் இருந்ததை விட சுவிட்ச் பலகை மேல்தான் அதிகம் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி முறைக்கு மாறினேன்.

இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். என் எச்ஓ (1:87 அளவு) அமைப்பில் சுமார் 15 வோல்ட். கட்டளையும் அந்த மின்சாரத்திலேயே போகிறது. மின்னோட்டம் திசை மாறும் இடைவெளி 58 மைக்ரோ விநாடி என்றால் 1, 100 அல்லது அதற்கு மேல் என்றால் 0. ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் டிகோடர் என்ற சிறு மின்சுற்று இருக்கும். அது எல்லாக் கட்டளைகளையும் கேட்கும், தன் முகவரிக்கு வந்ததை மட்டும் செய்யும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த முறையை அமெரிக்காவின் மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990-களில் பொதுத் தரமாக ஏற்றது. அதனால்தான் மூன்று வெவ்வேறு தயாரிப்பு டிகோடர்கள் என் ஒரே த்ராட்டிலுக்கு, அதாவது கையில் பிடித்து ஓட்டும் கருவிக்கு, கட்டுப்படுகின்றன.

புது டிகோடர் பெரும்பாலும் முகவரி 3-இல்தான் வரும். வாங்கியதும் புரோகிராமிங் டிராக்கில் (டிகோடரில் மதிப்பு எழுதுவதற்கான தனித் தண்டவாளத்தில்) வைத்து, என்ஜின் மேல் எழுதியிருக்கும் நான்கு இலக்க எண்ணையே முகவரியாகக் கொடுத்துவிடுங்கள். ஓட்டும்போது எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம், பார்த்துப் படித்தால் போதும்.

எனக்கு அதிக நாள் எடுத்தது இரண்டு என்ஜின்களை ஒரே ரயிலில் பூட்டுவது, அதாவது கன்சிஸ்ட். அமைப்பது சுலபம்: இரண்டிலும் சிவி 19-இல் (டிகோடரில் அமைப்பு மதிப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடங்களே சிவி) ஒரே எண், உதாரணமாக 50. பின்னோக்கி நிற்கும் என்ஜினில் அதோடு 128 கூட்டி 178. அவ்வளவுதான், இரண்டும் ஒரே கைக்கு அசையும். ஆனால் ஒரே வேகத்தில் அசையும் என்று அர்த்தமில்லை. என் ஜோடியில் ஒன்று வேகமானது. அது முன்னால் இழுக்க, பின்னது தடுக்க, சக்கரங்கள் வழுக்கின. இடம் மாற்றினால் பின்னது தள்ளியதில் வளைவில் தடம் புரண்டது.

வேகத்தை ஒப்பாக்க நான் இப்போது செய்வது இது. முதலில் இரண்டையும் பத்துப் பதினைந்து நிமிடம் தனியே ஓட்டிச் சூடாக்குவேன். ஆரம்பத்தில் இதைச் செய்யாமல் ஒரு மாலை முழுக்கச் சரிசெய்தது மறுநாள் மாறிப்போயிருந்தது. குளிர்ந்த மோட்டார் வேறு மாதிரி ஓடும். அப்புறம் சிவி 3, சிவி 4 இரண்டையும் பூஜ்யமாக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மெதுவாக வேகமெடுப்பதும் மெதுவாக நிற்பதும் கணக்கைக் குழப்பும். இரண்டையும் சுற்றுப்பாதையில் ஒரு முழ இடைவெளி விட்டு ஓட்டி, இடைவெளி குறைகிறதா கூடுகிறதா என்று பார்க்கிறேன். மெதுவானதுதான் அளவுகோல், வேகமானதை அதற்கு இறக்க வேண்டும், மெதுவானதை ஏற்றப் பார்க்கக் கூடாது. கிளம்பும் வேகத்துக்கு சிவி 2, உச்சத்துக்கு 5, நடுவுக்கு 6.

அதற்குப் பிறகும் ஏற்றத்தில் இரண்டும் முட்டிக்கொண்டன. காரணம் பேக் இஎம்எஃப், அதாவது மோட்டார் சுழலும்போது தானே உண்டாக்கும் மின்னழுத்தத்தை அளந்து டிகோடர் வேகத்தை நிலையாக வைக்கும் வசதி. ஒவ்வொரு டிகோடரும் தன் வேகத்தை விடாமல் பிடித்துக்கொள்வதால் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுப்பதில்லை. அதன் பிடியைக் குறைத்ததும் ஜோடி அமைதியானது. அந்த சிவி எண் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், கையேட்டைப் பாருங்கள். எல்லா மதிப்புகளையும் ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருளில் சேமித்து வைத்திருக்கிறேன். ஒருமுறை ஒரு டிகோடர் எரிந்துபோனது. அதே வகையில் புதியது பொருத்திய பிறகு பழைய மதிப்புகளை ஏற்ற ஐந்து நிமிடம் ஆகவில்லை.

வயரிங்கில் சிக்கனம் பிடிக்காதீர்கள். தண்டவாளம் பதித்த பலகைக்கு அடியில் 2.5 சதுர மில்லிமீட்டர் முதன்மைக் கம்பி, மீட்டருக்கு ஒருமுறை தண்டவாளத்துக்கு இணைப்பு. பிறகு இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள், அது ஷார்ட் ஆகும், தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் உடனே நின்றாக வேண்டும். என் அமைப்பின் கடைசி மூலையில் நிற்கவில்லை, நாணயம்தான் சூடானது. என் பூஸ்டர் 5 ஆம்பியர். ஷார்ட் ஆன இடத்தில் அவ்வளவு மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தால் பிளாஸ்டிக் உருகும். அங்கே இரண்டு இணைப்பு சேர்த்ததும் சரியானது.

ரயில் சுற்றித் திரும்பி வந்த பாதையிலேயே சேரும் ரிவர்ஸ் லூப் இருந்தால், அங்கே மின்முனைகளைத் தானே மாற்றும் ஆட்டோ ரிவர்சர் வாங்கிவிடுங்கள். தண்டவாளத்தைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். ஸ்டீல் உல் வேண்டவே வேண்டாம், அதன் தூளை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும். டிகோடர் இல்லாத என்ஜினை முகவரி 0-இல் ஓட்டும் வசதி சில கருவிகளில் உண்டு. மோட்டார் ரீங்காரமிட்டுச் சூடாகிறது, நான் அதைத் தொடுவதில்லை.

இப்போது பழைய நீராவி என்ஜின் ஒன்றுக்கு டிகோடர் போட்டுக்கொண்டிருக்கிறேன். மோட்டாரின் ஒரு பிரஷ் (மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் துண்டு) இன்னும் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அப்படியே ஓட்டினால் டிகோடர் எரிந்துவிடும். மல்டிமீட்டர் அங்கே சத்தம் போடுவதை நிறுத்தும் வரை டிகோடரை உறையிலிருந்து எடுக்கப் போவதில்லை.