வேலூர் ஞாயிற்றுக்கிழமை குர்ஆன் வகுப்பு: பாடம் அருமை, கேள்வி நேரம்தான் குறை

மேல்விஷாரத்திலிருந்து பஸ் பிடித்து ஆறு மாதமாக இந்த வகுப்புக்குப் போய் வருகிறேன். லாங் பஜார் பக்கம் ஒரு மாடி, ஞாயிறு காலை 10 மணிக்கு ஆரம்பம், மாதம் 150 ரூபாய். பெண்களுக்குத் தனி அறை, நடுவில் திரை. எங்கள் பக்கத்து ஸ்பீக்கர் பாதி நேரம் கரகரக்கிறது, அதை மாற்ற வேண்டும்.

பாடத்தில் ஒரு குறையும் இல்லை. சின்ன வயதில் மக்தபில் (குழந்தைகள் ஓதும் பள்ளி) எழுத்துக் கூட்டி ஓதக் கற்றுக்கொடுத்தார்கள், அர்த்தம் யாரும் சொல்லவில்லை. இங்கே ஒவ்வொரு ஆயத்தையும் (வசனத்தையும்) சொல் சொல்லாகப் பிரித்து, ஆ. கா. அப்துல் ஹமீது பாகவியின் தமிழாக்கத்தோடு வைத்துப் பார்க்கிறோம். பாகவி என்பது நம்ம வேலூர் பாக்கியாத் அரபிக் கல்லூரியில் ஓதியவர்களுக்கு வரும் பட்டம்தானே, அதை நினைக்கும்போதே நெஞ்சு நிறைந்துவிடும்.

கேள்விகளைச் சீட்டில் எழுதித் தர வேண்டும், அங்கேதான் சிக்கல். 58வது சூரா (அத்தியாயம்) நடந்த அன்று பாடம் நடத்தும் ஹஜ்ரத் கண் கலங்கச் சொன்னார்: "நீ என் தாயின் முதுகு போல" என்று புருஷன் சொல்லி ஒதுக்கிய கவ்லா என்ற பெண், நபி (ஸல்) அவர்களிடமே வாதாடினார், அல்லாஹ் அதைக் கேட்டு வஹீ (இறைச்செய்தி) இறக்கினான், அந்த சூராவுக்கே வாதாடியவள் என்று பெயர். அன்றைக்கே நான் ஒரு சீட்டு எழுதினேன். ஒரே மூச்சில் சொல்லும் மூன்று தலாக்கைப் பாவம் என்று சொல்லிக்கொண்டே செல்லும் என்கிறோம், அந்தக் காலத்து மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா அதை ஒரே தலாக்காகத்தான் எண்ணினார், எகிப்தில் 1929லேயே அதைச் சட்டமாக்கினார்கள், அப்புறம் ஏன் நாமே உட்கார்ந்து பேசாமல் 2017 ஆகஸ்ட் 22இல் சுப்ரீம் கோர்ட் 3க்கு 2 என்று அது செல்லாது எனத் தீர்ப்புச் சொல்லும்வரை விட்டோம் என்று கேட்டிருந்தேன். சீட்டு வாசிக்கப்படாமலே திரும்பி வந்தது. கேட்பவர்களின் ஈமான் (இறைநம்பிக்கை) குழம்பிவிடுமாம். ரொம்ப வலித்தது. எனக்கு ஈமான் இருப்பதால்தானே கேட்கிறேன்! கருத்து மாறினால் ஈமான் போய்விடுமா? ஷாஃபி மத்ஹபுக்கே (சட்டப் பிரிவு) பெயர் தந்த இமாம் ஷாஃபி எகிப்து போன பிறகு தன் கருத்துகள் பலவற்றை மாற்றிக்கொண்டார், பழைய சொல், புதிய சொல் என்று இரண்டையும் கிதாபுகளில் இன்றைக்கும் ஓதுகிறார்கள்.

தமிழில் குர்ஆன் படிக்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகச் சேரலாம். நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான்: திரைக்கு இந்தப் பக்கமும் ஒரு மைக் கொடுங்கள், மாதம் ஒரு நாளாவது மாற்றுக் கருத்துள்ள இரண்டு ஆலிம்களை (மார்க்க அறிஞர்களை) எங்கள் முன்னால் உட்கார வைத்துப் பேசவிடுங்கள். அடுத்த மாதச் சந்தா கட்டிவிட்டேன். அந்தச் சீட்டும் பையில்தான் இருக்கிறது, மறுபடி கொடுப்பேன்.